எச்சரிக்கை கிடைத்தும் கப்பல்கள் மூழ்கியது ஏன்? திருகோணமலை, மட்டக்களப்புக் கடல், 1942 ஏப்ரல் 9

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. காலை ஏழு மணி கடந்த சிறிது நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்று முற்பகல் பதினொரு மணிக்குள், மட்டக்களப்புக்கு நேரே கிழக்கே, கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத கடலில், பிரிட்டனின் ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அதற்குத் துணையாக வந்த ‘வேம்பயர்’ என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கிப் போயின. இதை, 1941 டிசம்பரில் ஜப்பான் எதிர்பாராமல் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் துறைமுகத்தின் இன்னொரு பதிப்பாகச் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. தாக்கியது அதே கப்பற்படை, அதே தளபதி, தாக்குதலை வானில் நின்று நடத்தியவரும் அதே மித்சுவோ ஃபுச்சிடா என்பதால் அந்த ஒப்பீடு இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் முக்கியமான ஒன்றில் இரண்டும் வேறு. திருகோணமலையில் யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. எதிரி வருகிறான் என்பது முந்தைய நாள் பிற்பகலிலேயே தெரிந்திருந்தது. இரவோடு இரவாகத் துறைமுகம் காலி செய்யப்பட்டது. காலையில் ராடாரும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இத்தனையும் இருந்தும் கப்பல்கள் எப்படி அழிந்தன என்பதுதான் அந்த நாளைப் பற்றி விளக்க வேண்டிய செய்தி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1941 டிசம்பர் 10ஆம் நாள் மலாயாக் கரைக்கு அப்பால் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தபோது, தலைக்கு மேல் விமானப் பாதுகாப்பு இல்லாத கப்பல் எவ்வளவு பெரிதானாலும் தப்பாது என்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச் 8இல் ரங்கூனும், மார்ச் 23இல் அந்தமானும் விழுந்தன. பர்மாவில் இறங்கியிருந்த தங்கள் படைக்குக் கடல் வழியாகத் துருப்புகளையும் தளவாடங்களையும் அனுப்ப வேண்டுமானால், வங்காள விரிகுடாவின் மேற்குப் பக்கத்திலிருந்து பிரிட்டிஷ் கப்பற்படை குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஜப்பானியரின் கணக்கு. இலங்கையைக் கைப்பற்றும் எண்ணத்தோடு அவர்கள் வரவில்லை. தரையிறங்கும் துருப்புகள் அந்தக் கப்பற்படையோடு இல்லவே இல்லை. ஆனால் கொழும்பிலும் சென்னையிலும் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? மலாயா போன பின்பு நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை ரப்பரில் பெரும்பகுதியைத் தந்தது இலங்கைதான். பாரசீக வளைகுடாவின் எண்ணெய்க்கும், எகிப்தில் போரிட்ட படைக்குச் செல்லும் சரக்குக்கும் இந்தியப் பெருங்கடலே வழி. ஆகவே இலங்கைக்கு வரும் ஆபத்தை லண்டன் வெறும் தீவொன்றின் ஆபத்தாகக் கருதவில்லை.

வந்த படையின் அளவைப் பார்த்தால் பிரிட்டிஷ் தரப்பின் கவலை மிகையானதன்று. மார்ச் 26ஆம் நாள் செலிபீஸ் (இன்றைய சுலவேசி) தீவிலிருந்து புறப்பட்ட துணை அட்மிரல் சூயிச்சி நகுமோவின் படையில் அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோககு, சுயிககு என்று ஐந்து விமானந்தாங்கிகளும், அவற்றுக்குத் துணையாக நான்கு பெரும் போர்க்கப்பல்களும், குரூசர்கள் என்ற நடுத்தரப் போர்க்கப்பல்களும் நாசகாரிகளும் இருந்தன. பேர்ள் துறைமுகத்துக்குச் சென்ற ஆறு விமானந்தாங்கிகளில் காகா மட்டும் பழுது காரணமாக வரவில்லை. எதிரே நின்ற பிரிட்டிஷ் கீழைக் கப்பற்படையின் தலைமையை அட்மிரல் சர் ஜேம்ஸ் சோமர்வில் ஏற்று அப்போது சில நாள்களே ஆகியிருந்தன. காகிதத்தில் அவரிடம் ஐந்து பெரும் போர்க்கப்பல்களும் மூன்று விமானந்தாங்கிகளும் இருந்தன. ஆனால் அந்த ஐந்தில் நான்கு, முதல் உலகப் போர்க் காலத்து வடிவமைப்பிலான மெதுவான கப்பல்கள். குடிநீர் தீர்ந்துபோவதால் அவற்றால் கடலில் நெடுநாள் நிற்கக்கூட முடியவில்லை. விமானந்தாங்கிகளில் இண்டாமிட்டபிள், ஃபார்மிடபிள் இரண்டும் புதியவை. மூன்றாவதான ஹெர்மிஸ் பழையது, சிறியது.

ஜப்பானியச் சங்கேதச் செய்திகளில் ஒரு பகுதியைப் படிக்க முடிந்ததால், ஏப்ரல் 1ஆம் நாளையொட்டி கொழும்பு தாக்கப்படலாம் என்று சோமர்வில் எதிர்பார்த்து இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். யாரும் வரவில்லை. ஏப்ரல் 2இல் காத்திருப்பை முடித்துக்கொண்டு, தண்ணீருக்கும் எரிபொருளுக்குமாக மாலைத்தீவுகளின் தென்கோடியில் இரகசியமாக அமைக்கப்பட்டிருந்த அட்டு பவளத்தீவுத் தளத்துக்குப் போனார். போகும் முன் கப்பல்களைப் பிரித்தும் அனுப்பினார்: டார்செட்ஷயர் என்ற குரூசர் பழுதுபார்ப்புக்காகவும் கார்ன்வால் என்ற குரூசர் வணிகக் கப்பல் துணைக்காகவும் கொழும்புக்குச் சென்றன, ஹெர்மிஸ், பின்னால் நடக்கவிருந்த மடகாஸ்கர் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்வதற்காக வேம்பயரோடு திருகோணமலைக்கு வந்தது. உளவுச் செய்தி பொய்யன்று, நாள்தான் தவறியது. ஏப்ரல் 4ஆம் நாள் மாலை, இலங்கையின் தென்கரையில் கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானப் படையின் கட்டலீனா என்ற வகை வேவு விமானம் ஒன்று, லியனார்ட் பர்ச்சால் என்ற அதிகாரியின் தலைமையில், நகுமோவின் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது; அன்று பிற்பகலே டார்செட்ஷயரும் கார்ன்வாலும் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் இறந்தனர்.

கொழும்புத் தாக்குதல் முடிந்ததும் ஜப்பானியக் கப்பல்கள் தென்கிழக்கே விலகிச் சென்று பார்வைக்கு எட்டாமல் மறைந்தன. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 8ஆம் நாள் பிற்பகலில், இலங்கைக்குக் கிழக்கே ஏறத்தாழ 400 மைல் தொலைவில் இன்னொரு கட்டலீனா அவற்றை மீண்டும் கண்டது. திருகோணமலைதான் அடுத்த இலக்கு என்று ஊகிக்க அதிக அறிவு தேவைப்படவில்லை. பேர்ள் துறைமுகமும், பிப்ரவரியில் இதே படை தாக்கிய ஆஸ்திரேலியாவின் டார்வினும் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே: துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் செத்த கப்பல். எனவே அன்றிரவே ஹெர்மிஸ், வேம்பயர், அத்துடன் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் வெளியேற்றப்பட்டு, கரையை ஒட்டியே தெற்கு நோக்கி அனுப்பப்பட்டன. தாக்குதல் முடிந்ததும் திரும்பி வரலாம் என்பது திட்டம். அன்றைய அறிவுக்கு இது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். ஆனால் துறைமுகத்தை விட்டு வெளியே போவது ஒன்று, எதிரியின் விமானங்கள் எட்டாத தூரத்துக்குப் போவது வேறொன்று. ஓர் இரவில் ஓடக்கூடிய தூரம் முதலாவதற்குத்தான் போதுமானதாக இருந்தது.

9ஆம் நாள் விடிந்ததும் வேவு பார்க்கச் சென்ற கட்டலீனா ஒன்று ஜப்பானியக் கப்பல்களைக் கண்டது; முழுச் செய்தியையும் அனுப்பி முடிக்கும் முன் அழிக்கப்பட்டது; அதில் சென்றவர் எவரும் மீளவில்லை. அதே சமயத்தில் ஏறத்தாழ 90 குண்டுவீச்சு விமானங்களும் 40 ஜீரோ போர்விமானங்களும் திருகோணமலையை நெருங்கிக்கொண்டிருந்தன. துறைமுகத்தையடுத்த எலிசபெத் முனையில் இருந்த ராடார், அவற்றை ஏறத்தாழ 90 மைலுக்கு அப்பாலேயே காட்டிவிட்டது. நான்கு நாள் முன்பு கொழும்பில் நேர்ந்ததற்கு இது நேர்மாறு. அங்கே எச்சரிக்கை கிட்டாமல், எதிரி தலைக்கு மேல் வந்த பின்பே இரத்மலானையின் விமானங்கள் ஓடுதளத்தை விட்டுக் கிளம்பின. சீனக்குடாவில் 261ஆம் அணியின் ஹரிகேன் போர்விமானங்கள், பதினேழு வரையில், முன்கூட்டியே வானில் ஏறி உயரத்தில் நின்றன. ஆனாலும் ஒன்றுக்கு இரண்டுக்கு மேல் ஜீரோக்கள். அந்தச் சண்டையில் ஹரிகேன்களில் பாதியளவு வீழ்ந்தன. குண்டுவீச்சு விமானங்கள் பெரும்பாலும் தடையின்றித் தம் வேலையை முடித்தன. கப்பற்தளப் பட்டறைகளும் விமானக் கொட்டகைகளும் நொறுங்கின. ‘எரெபஸ்’ என்ற பீரங்கிக் கப்பல் சேதமுற்றது. வெடிமருந்துச் சரக்கோடு நின்ற ‘சாகைங்’ என்ற கப்பல் தீப்பற்றிக் கைவிடப்பட்டது. அந்தச் சாகைங் பின்னர் துறைமுகத்துக்குள்ளேயே இறங்குதுறையாகப் பயன்படட்டும் என்று அமிழ்த்தப்பட்டது. 2018இல்தான் இலங்கைக் கடற்படை அதைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கி வெளியேற்றியது.

சீனக்குடாவின் எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றித் தனியாக ஒரு சொல் சொல்ல வேண்டும். காட்டுக்குள் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும் அந்த இரும்புத் தொட்டிகளில் ஒன்றின் மீது ஜப்பானிய விமானம் ஒன்று விழுந்து, அதிலிருந்த எண்ணெய் நாள்கணக்கில் எரிந்தது. வெப்பத்தில் உருகி மடிந்துபோன அதன் தகடுகள் இன்றும் அங்கே கிடக்கின்றன. விமானி வேண்டுமென்றே பாய்ந்தார் என்பது திருகோணமலையில் எல்லோரும் சொல்லும் கதை. ஜப்பானியர் தற்கொலைத் தாக்குதலை ஒரு முறையாக வகுத்தது 1944 அக்டோபரில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அடிபட்டுக் கட்டுப்பாடிழந்த விமானம் என்றோ, இனித் தப்ப முடியாது என்று கண்ட ஒருவரின் அந்தக் கணத்து முடிவு என்றோ கொள்வதே பொருத்தம். எரிந்தது ஒரு தொட்டி மட்டுமே என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஏறத்தாழ நூறு தொட்டிகள் இருந்த இடத்தில், எஞ்சியவை அப்படியே நின்றன. பேர்ள் துறைமுகத்திலும் எண்ணெய்த் தொட்டிகளை விட்டுவிட்டுப் போன படை இது. கப்பலையும் விமானத்தையும் குறிவைப்பதில் கைதேர்ந்த அந்தத் தளபதிகள், அவற்றை ஓட்டும் எண்ணெயைப் பற்றி ஏனோ பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

திருகோணமலை மேலே புகை எழுந்துகொண்டிருந்த நேரத்தில், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தெற்கே, ஹெர்மிஸ் மட்டக்களப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. ‘ஹருனா’ என்ற போர்க்கப்பலிலிருந்து வேவு பார்க்க வந்த விமானம் அதைக் கண்டுவிட்டது. அந்த விமானம் அனுப்பிய செய்தியைப் பிரிட்டிஷார் இடைமறித்துக் கேட்டும்விட்டனர். அதாவது, எதிரி தங்கள் கப்பலைப் பார்த்துவிட்டான் என்பதும் அவர்களுக்கு உடனே தெரிந்தது. உடனடியாக விரைந்து திருகோணமலைக்குத் திரும்பும்படி கட்டளை சென்றது. சீனக்குடா விமானங்களின் குடைக்குள் வந்துவிட வேண்டும் என்பது நோக்கம். ஆனால் அந்தக் குடை அப்போதுதான் கிழிபட்டிருந்தது.

ஹெர்மிஸின் நிலையை நெருங்கிப் பார்த்தால் அந்தக் கட்டளையின் பரிதாபம் புரியும். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் என்ற பெருமை அதற்கு உண்டு. 1919இல் நீரில் இறக்கப்பட்டு 1924இல்தான் படையில் சேர்ந்ததால், இடையில் ஜப்பானின் ‘ஹோஷோ’ முந்திக்கொண்டது. எடை 11,000 டன்னுக்கும் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 25 கடல் மைல். சுமக்கக்கூடியது இருபது விமானங்கள் வரை. அன்று அந்த மேல்தளத்தில் போரிடக்கூடிய விமானம் ஒன்றுகூட இல்லை. அதன் ஸ்வோர்ட்ஃபிஷ் அணி கரையில் இருந்தது. இருந்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அவை டார்பிடோ வீசும் இருதட்டு விமானங்கள், வானில் சண்டையிடுபவை அல்ல. தன்னைக் காத்துக்கொள்ள அதற்கு இருந்தவை சில விமான எதிர்ப்புப் பீரங்கிகள் மட்டுமே.

எதிரே 85 விமானங்கள் வந்தன. எல்லாம் செங்குத்தாகப் பாய்ந்து குண்டெறியும் வகை. ஒன்பது ஜீரோக்கள் துணை. அவை ஏற்கெனவே இத்தகைய இலக்குக்காகவே கப்பல்களில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. திருகோணமலைக்குச் சென்றவற்றுள் இவை இல்லை. காலை 10.35 மணியளவில் பாய்ச்சல் தொடங்கியது. உயரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகீழாக இறங்கி, கப்பலுக்குச் சற்று மேலே 250 கிலோ குண்டை விடுவித்து, அலைகளை ஒட்டித் தட்டையாகத் தப்பிச் செல்வது இவர்களின் முறை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரே குண்டு என்பதால் மறுவாய்ப்பு கிடையாது. அதற்கேற்ற பயிற்சி பெற்றவர்கள். உச்சியிலிருந்து வருகிறவனை நோக்கிக் குழாயை நிமிர்த்திச் சுடுவதற்குள் அடுத்தவன் இறங்கிவிடுவான். பத்து நிமிடத்தில் நாற்பது குண்டுகள் வரை அந்தக் கப்பலைத் தாக்கின என்பது பின்னர் போட்ட கணக்கு. பதினொரு மணி ஆவதற்கு முன்பே ஹெர்மிஸ் சாய்ந்து மூழ்கிற்று. கேப்டன் ரிச்சர்ட் ஆன்ஸ்லோவோடு 307 பேர் இறந்தனர். அடுத்த சில நிமிடங்களில் வேம்பயர் இரண்டாக முறிந்தது; அதன் தளபதியும் மேலும் ஏழு பேரும் மாண்டனர். தப்பியோர் எண்ணிக்கை இறந்தோரைவிட அதிகமாக இருந்ததற்குக் காரணம், அந்த வழியே வந்த ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல். ஜப்பானியர் அதைத் தாக்காமல் விட்டனர். ஏறத்தாழ 600 பேரை அது நீரிலிருந்து எடுத்தது. கரை அருகில் இருந்ததால் நீந்தியே கரையேறியவர்களும் உண்டு. ஹெர்மிஸுக்கு 85 விமானங்கள் தேவைப்படவில்லை; மிஞ்சியவை திசை திரும்பி ‘ஹாலிஹாக்’ என்ற கொர்வெட் வகைச் சிறு காவல் கப்பலையும், அது காத்துச் சென்ற ‘அத்தல்ஸ்டேன்’ எண்ணெய்க் கப்பலையும், ‘பிரிட்டிஷ் சார்ஜென்ட்’ என்ற மற்றோர் எண்ணெய்க் கப்பலையும், ‘நார்விக்கன்’ என்ற நார்வே சரக்குக் கப்பலையும் தீர்த்துக்கட்டின.

பாதுகாப்பு விமானங்கள் வராமலும் இல்லை. 273ஆம் அணியின் ஃபுல்மார்கள் ஆறு அங்கே வந்து சேர்ந்து சண்டையிட்டன. தாக்குதலை நிறுத்தும் வலிமை அவற்றுக்கு இல்லை. தீவின் மேற்குக் கரையில், இரத்மலானையில் இருந்த கடற்படை ஃபுல்மார்கள், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குறுக்கே பறந்து வந்தபோது ஹெர்மிஸ் கடலடியில் கிடந்தது. ஃபுல்மார் இருவர் அமரும் கனத்த விமானம். ஜீரோவோடு வேகத்திலோ திருப்பத்திலோ போட்டியிட முடியாதது. செய்தி என்பது கம்பியிலும் வானொலியிலும் நொடியில் போய்ச் சேரும். விமானம் அப்படிப் போகாது. அது எந்தத் தளத்தில் நிற்கிறது, எவ்வளவு எரிபொருள் ஏற்றியிருக்கிறது, காலையில் அது ஏற்கெனவே ஒரு சண்டையில் சிக்கியதா என்பதெல்லாம்தான் முடிவு செய்யும். இலங்கையில் போர்விமானங்கள் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் எனப் பகிர்ந்து நிறுத்தப்பட்டிருந்தன. திருகோணமலைக்குத் தெற்கே உள்ள நீண்ட கிழக்குக் கரைக்கு யாரும் இல்லை. வெளியேற்றப்பட்ட கப்பல்கள் அனைத்தும் சென்றதோ அந்தக் கரைக்குத்தான். துறைமுகத்தைக் காலி செய்யும் கட்டளையும், காலி செய்த கப்பல்களுக்கு விமானக் காவல் தரும் ஏற்பாடும் ஒரே மேசையில் சேர்த்து யோசிக்கப்படவில்லை என்பதே அன்றைய தோல்வியின் சாரம். விமானிகளையோ மாலுமிகளையோ குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அதே பத்தரை மணிக்கு இன்னொன்றும் நடந்தது. பாய்ச்சல் விமானங்கள் மட்டக்களப்புக்கு மேலே இருந்தபோது, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கி அங்கிருந்து புறப்பட்ட 11ஆம் அணியின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்பது, நகுமோவின் கப்பல்களுக்கு நேர் மேலே நின்றன. பதினொன்று கிளம்பி இரண்டு வழியில் திரும்பியிருந்தன. 11,000 அடி உயரத்திலிருந்து அவை வீசிய குண்டுகள் அகாகியின் இருபுறமும் நீரைக் கிளப்பின. தளபதியின் கப்பலான அகாகியில் நின்றவர்களுக்கு, விமானங்கள் வந்திருப்பதை முதலில் சொன்னதே அந்தக் குண்டுகள்தான். ஒரு குண்டும் படவில்லை. பிறகு விழித்துக்கொண்ட ஜீரோக்கள் நான்கு பிளென்ஹைம்களை வீழ்த்தின. ஹெர்மிஸை அழித்துத் திரும்பிக்கொண்டிருந்தவை வழியில் ஐந்தாவதைப் பிடித்தன. கணக்குப் பார்த்தால் இது வீணான தாக்குதல். ஆனால் அந்த விமானந்தாங்கிகள் வானிலிருந்து தாக்கப்பட்டது அதுவே முதல்முறை. அதுவும் காவல் விமானங்கள் பறந்துகொண்டிருந்தபோதே, யார் கண்ணிலும் படாமல்.

இது எப்படி நேர்ந்தது என்பதில் ஜப்பானியருக்குக் கற்க நிறைய இருந்தது. அந்தக் கப்பல்களில் ராடார் கிடையாது. கப்பல் மேல்தளத்தில் நின்று தொலைநோக்கியால் வானைப் பார்ப்பவரே காவல். பிளென்ஹைம்களைக் கண்ட கப்பலுங்கூட மற்றவற்றுக்கு உரிய நேரத்தில் சொல்லவில்லை. ஜீரோக்களை வானொலி மூலம் ஒரு திசைக்குத் திருப்பும் ஏற்பாடும் நம்பத்தக்கதாக இல்லை. இதோடு ஏப்ரல் 5இன் அனுபவத்தையும் சேர்க்க வேண்டும். அன்று கொழும்பை இரண்டாம் முறை தாக்குவதற்காக, கப்பல்களைத் தாக்கும் ஆயுதங்களைக் கழற்றித் தரைக்குண்டுகளை மாட்டச் சொன்னார் நகுமோ. பாதி வேலையில் இரு குரூசர்கள் தென்பட்டதாகச் செய்தி வரவே, மறுபடியும் மாற்றச் சொன்னார். டார்பிடோ விமானங்கள் ஆயத்தமாகாமல் பாய்ச்சல் விமானங்கள் மட்டும் சென்றன. அவையே போதுமானவையாக இருந்துவிட்டதால் அந்தக் குழப்பத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டே மாதம் கழித்து, ஜூன் 4ஆம் நாள் பசிபிக்கில் மிட்வே தீவருகே அமெரிக்கருடன் நடந்த சண்டையில் இந்த இரண்டும் ஒரே காலையில் சேர்ந்து வந்தன: ஆயுதம் மாற்றிக்கொண்டிருந்த விமானங்கள், தலைக்கு மேலே கவனிக்கப்படாமல் வந்து சேர்ந்த எதிரி. இலங்கைக்கு வந்த ஐந்தில் அகாகியும் சோர்யுவும் ஹிர்யுவும் அங்கே காகாவோடு அழிந்தன. மிட்வேயின் காரணங்கள் பல. ஆனால் அவற்றில் இரண்டுக்கு வங்காள விரிகுடாவிலேயே ஒத்திகை நடந்திருந்தது.

இந்தத் தாக்குதல்களின் விளைவாகப் பிரிட்டிஷார் மேற்கே பின்வாங்கினர். பழைய போர்க்கப்பல்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் கிலிண்டினிக்குப் போயின. புதிய விமானந்தாங்கிகள் பம்பாய்க்குச் சென்றன. துணை அட்மிரல் ஒசாவாவின் தனிப்படை வங்காள விரிகுடாவில் ஒரு வாரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்து, ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசியிருந்தது. அதற்கு மேல் திருகோணமலைச் செய்தியும் வந்து சேர்ந்தபோது சென்னை நடுங்கிற்று. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. இரயிலிலும் மாட்டு வண்டியிலும் நகரம் பாதி காலியானது. உண்மையில் அந்நேரம் நகுமோ மலாக்கா நீரிணை வழியே ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். சென்னையை நோக்கி வரும் எந்தக் கப்பலும் கடலில் இல்லை. ஆனால் அதைச் சொல்லக்கூடிய வேவு விமானங்கள் அப்போது சென்னை அரசிடம் இல்லாததால், அந்தப் பீதியை முட்டாள்தனம் என்று இன்று எள்ளுவது நியாயமாகாது.

கீழைக் கப்பற்படை மீண்டும் திருகோணமலையைத் தளமாக்கிக்கொண்டது 1944 ஜனவரியில். அந்த ஏப்ரலில், அதே சோமர்வில், ‘இலஸ்ட்ரியஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியையும் ‘சரடோகா’ என்ற அமெரிக்க விமானந்தாங்கியையும் கூட்டிக்கொண்டு அங்கிருந்து புறப்பட்டார். ஏப்ரல் 19ஆம் நாள் காலையில் சுமத்திராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங் துறைமுகம் தாக்கப்பட்டது. அன்று எச்சரிக்கை கிடைக்காமல் போனது ஜப்பானியருக்கு. தாக்கிய தரப்பு இழந்தது ஒரே விமானம், அதன் விமானியையும் நீர்மூழ்கி ஒன்று மீட்டுவந்தது. குறிவைக்கப்பட்டவற்றுள் எண்ணெய்த் தொட்டிகளும் இருந்தன. அங்கிருந்த நான்கில் மூன்று எரிந்தன.